பெங்களூரு வாடகை வீட்டில் ஷவருக்கு வெந்நீர் சீக்கிரம் வர என்ன செய்யலாம்?

மதுரை, திருநெல்வேலி, சென்னை என்று வெயில் ஊர்களிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு, முதல் டிசம்பர் வரும்வரை வெந்நீரைப் பற்றி யோசிக்கத் தோன்றாது. இது கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் 15 டிகிரி சர்வசாதாரணம். மொட்டைமாடித் தொட்டியில் இரவெல்லாம் கிடந்த தண்ணீர் விரலைச் சில்லிட வைக்கும். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது அப்போதுதான் ஆரம்பிக்கும். அரை வாளித் தண்ணீர் சாக்கடைக்குப் போன பிறகுதான் சூடு எட்டிப் பார்க்கும்.

இந்த அரை வாளி எனக்குப் பெரிய விஷயம். காவிரித் தண்ணீரை ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்கு பம்ப் செய்து இந்த ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். காவிரி வராத ஏரியாவில் போர்வெல், அதுவும் வற்றினால் டேங்கர். 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஆளுக்கு அரை வாளி நல்ல தண்ணீரை தினமும் சூடு வரட்டும் என்று விடுவது சரியில்லை. வழி இருக்கிறது, பெரும்பாலும் செலவே இல்லாமல்.

பலர் முதலில் போய் நிற்பது பெரிய கீசர் விற்கும் கடையில். அவசரப்படாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் கீசர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கீசரிலிருந்தோ மாடி சோலாரிலிருந்தோ ஷவர் வரைக்கும் குழாய்க்குள் ஆறிப்போய் நிற்கிற தண்ணீர் வெளியே வந்தால்தான் பின்னால் இருக்கும் சூடு வர முடியும். நாம் காத்திருப்பது அதற்குத்தான்.

முதலில் ஒரு வாளி வைத்து அளந்து பாருங்கள்

காலையில் யாரும் வெந்நீரைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. கீசர் என்றால் சூடாகி விளக்கு அணையும் வரை விடுங்கள். லிட்டர் கோடு போட்ட வாளியை மிக்ஸரின் (வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் குழாய்) கீழ்க்குழாய்க்கு அடியில் வைத்து, வெந்நீருக்கான சிவப்புக் குமிழை மட்டும் முழுசாகத் திறங்கள். போனில் ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். கைக்கு நல்ல சூடு தட்டும்போது மூடிவிட்டு, எத்தனை லிட்டர், எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டருக்குள் சூடு வந்துவிட்டால் குழாயில் குறையில்லை. அதற்கு மேலும் உங்களுக்கு வெந்நீர் சரியில்லை என்று தோன்றினால் கீசரையோ மிக்ஸரையோ பார்க்க வேண்டும். இரண்டிலிருந்து நான்கு லிட்டர் என்றால் கீசர் தூரத்தில், பெரும்பாலும் யுடிலிட்டியிலோ (சமையலறையை ஒட்டிப் பாத்திரம், துணி துவைக்கும் இடம்) அடுத்த பாத்ரூமிலோ இருக்கிறது. ஐந்து லிட்டருக்கு மேல் போனால் அநேகமாக மொட்டைமாடி சோலார்.

இந்தக் கணக்கைக் குழாயை வைத்தும் போடலாம். இப்போதைய வீடுகளில் வெந்நீருக்குப் போடுவது சிபிவிசி என்கிற, சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய். அரை இஞ்ச் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு லிட்டர் தண்ணீர் நிற்கும். முக்கால் இஞ்ச் என்றால் கால் லிட்டர், ஒரு இஞ்ச் என்றால் கிட்டத்தட்ட அரை லிட்டர். மாடியிலிருந்து முதல் தளத்து பாத்ரூமுக்கு இருபது மீட்டர் முக்கால் இஞ்ச் குழாய் வந்தால் அதற்குள்ளேயே ஐந்து லிட்டர் நிற்கிறது. குளிர்ந்து கிடக்கும் குழாய்ச் சுவரும் கொஞ்சம் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், நிஜத்தில் கணக்கைவிட அதிகமாகவே விட வேண்டியிருக்கும். வீடு கட்டும்போது "இருக்கட்டும்" என்று பெரிய குழாய் போட்டுவிடுகிறார்கள். தினமும் காத்திருப்பது குடியிருப்பவர்.

இன்றைக்கே செய்யக்கூடியவை

ஷவரைத் திறந்து வைத்து சூட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். ஷவர் தலையின் சின்னச் சின்ன ஓட்டைகள் தண்ணீரைத் தடுத்து நிமிடத்துக்கு ஆறு, எட்டு லிட்டர்தான் விடும். கீழ்க்குழாய் அதைவிட வேகமாக விடும். குழாய்க்குள் நிற்கும் ஐந்து லிட்டர் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறதோ அவ்வளவு சீக்கிரம் சூடு வரும். அதனால் கீழ்க்குழாயை வாளிக்குள் விட்டு, பச்சைத் தண்ணீர்க் குமிழைத் தொடாமல், வெந்நீரை மட்டும் முழுசாகத் திறங்கள். சூடு வந்ததும் டைவர்ட்டரைத் திருப்பி ஷவருக்கு மாற்றி, அப்புறம் பச்சைத் தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள். பல வீடுகளில் இது ஒன்றே காத்திருப்பைப் பாதியாக்கிவிடும். வாளியில் பிடித்தது துணி ஊறவைக்க, தரை துடைக்க, டாய்லெட்டில் ஊற்ற ஆகும்.

வீட்டில் நாலு பேர் என்றால் அடுத்தடுத்துக் குளியுங்கள். குழாயில் நிற்கும் சூடு பத்து, பதினைந்து நிமிடம் தாங்கும். ஒருவர் ஆறு மணிக்கு, இன்னொருவர் ஏழுக்கு, மற்றவர் எட்டுக்கு என்று போனால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர் உள்ள வாஷ்பேசினில் கைப்பிடியை எப்போதும் பச்சைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளி வையுங்கள். நடுவில் இருந்தால் கை கழுவும் ஒவ்வொரு தடவையும் வெந்நீர் குழாய்க்குள் வந்து, உங்கள் கைக்கு எட்டும் முன்பே நின்று, அங்கேயே ஆறிப்போகும்.

கீசர் வைத்திருப்பவர்களுக்கு

தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைத்தால் தண்ணீர் சீக்கிரம் சூடாகும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். கீசருக்குள் சுடவைக்கும் 2 கிலோவாட் காயில் (coil), தெர்மோஸ்டாட்டை எந்தப் புள்ளியில் வைத்தாலும் அதே வேகத்தில்தான் சுடவைக்கும். உச்சத்தில் வைத்தால் அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான். 15 லிட்டர் கீசரில் சூடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 டிகிரி ஏறும். 20 டிகிரித் தண்ணீர் 50 டிகிரி ஆக 16 நிமிடம், அரை யூனிட்டுக்குச் சற்று மேல் கரண்ட். 25 லிட்டர் என்றால் அதே சூட்டுக்கு 26 நிமிடம். ஆகவே எழுந்ததும் சுவிட்சைப் போட்டுவிட்டுப் பல் தேய்த்து, காபி குடித்து வந்தால் போதும். நாள் முழுக்க எரிய விட வேண்டியதில்லை.

டைமர் வாங்குவதென்றால் 16 ஆம்பியர் தாங்கும் டைமரோ ஸ்மார்ட் பிளக்கோதான் வாங்க வேண்டும். 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும். டேபிள் லேம்புக்கு வைக்கிற சின்ன ஸ்மார்ட் பிளக்கில் கீசரை மாட்டினால் அது உருகிப்போகலாம்.

அளவு விஷயத்தில் தெளிவாக இருங்கள். 60 டிகிரியில் இருக்கும் 15 லிட்டரைப் பச்சைத் தண்ணீருடன் 40 டிகிரிக்குக் கலந்தால் கணக்குப்படி முப்பது லிட்டர் கிடைக்க வேண்டும். ஆனால் வெந்நீர் மேலே வெளியேற வெளியேற, கீழே பச்சைத் தண்ணீர் உள்ளே வந்து கலப்பதால் நிஜத்தில் இருபத்தைந்து லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளிக் குளியலுக்கு அது தாராளம். ரெயின் ஷவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் விட்டால் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும். கீசரை மாற்றுவதற்கு முன்னால் ஷவர் தலையை மாற்றிப் பாருங்கள்.

புதுசு வாங்கினால் ஸ்டார் லேபிளைப் படியுங்கள். கீசர் சும்மா நிற்கும்போது ஒரு நாளில் எத்தனை யூனிட் சூட்டை இழக்கிறது என்ற எண் அதில் இருக்கும். எண் சிறிதாக இருந்தால் நல்லது. கர்நாடகத்தின் கிருஹ ஜோதி என்கிற இலவச மின்சாரத் திட்டத்தில் இருப்பவர்கள், மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், டிசம்பரில் மீட்டரில் ஒரு கண் வைத்துக்கொள்வது நல்லது. வாடகைக்கு இருப்பவர்களும் இத்திட்டத்தில் பதிவு செய்யலாம்.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசரைப் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைவு, பார்க்க அழகு, "உடனே சூடு" என்று கடைக்காரர் சொல்வார். அதில் இருப்பது 3 கிலோவாட் காயில். தண்ணீரை 20 டிகிரி ஏற்ற வேண்டுமென்றால் அதனால் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் சொச்சம்தான் தர முடியும். உள்ளே இருக்கும் மூன்று லிட்டர் தீர்ந்ததும் ஷவரில் வெதுவெதுப்புதான். பாத்திரம் கழுவ, முகம் கழுவ வாங்குங்கள். டிசம்பர் காலையில் ஷவர் குளியலுக்கு வாங்காதீர்கள்.

சோலார் வீடுகள்

கர்நாடகத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு சோலார் வெந்நீர் 2007-லேயே கட்டாயமாக்கப்பட்டது. அதனால்தான் இங்கே எந்த மொட்டைமாடியைப் பார்த்தாலும் கண்ணாடிக் குழாய்களும் உருளைத் தொட்டியும் தெரிகின்றன. அந்தத் தொட்டியில் காலை ஆறு மணிக்கு இருக்கும் சூடு நேற்றைய வெயில். நேற்றைக்கு ராத்திரி நாலு பேரும் குளித்துவிட்டிருந்தால் அதற்குள் பச்சைத் தண்ணீர் வந்து கலந்திருக்கும். பல வீட்டுக்காரர்கள் ஒரே சோலாரை மூன்று குடித்தனத்துக்குக் கொடுத்திருப்பார்கள். வீடு பார்க்கப் போகும்போதே கேளுங்கள்: எத்தனை லிட்டர் சோலார், எத்தனை வீட்டுக்கு, எந்த பாத்ரூமுக்கு லைன் வருகிறது. 100 லிட்டர் என்பது இரண்டு, மூன்று பேருக்குத்தான் காணும்.

சோலாரின் தீராத தலைவலி அந்த நீளக் குழாய். இதற்கு நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்த வழி, ஷவருக்குப் பக்கத்தில் ஒரு 15 லிட்டர் கீசரை மாட்டி, சோலார் லைனை அதன் உள்வரும் குழாயில் கொடுப்பது. குழாயைத் திறந்ததும் கீசரில் தயாராக இருக்கும் வெந்நீர் உடனே ஷவருக்கு வரும். மாடியிலிருந்து வரும் ஆறிப்போன ஐந்து லிட்டர் கீசருக்குள் போய்க் கலந்துவிடும், அதன் பின்னாலேயே சோலார் சூடும் வந்து சேரும். ஒரு சொட்டுகூடச் சாக்கடைக்குப் போகாது. கீசரும் சில நிமிடம்தான் எரிய வேண்டியிருக்கும், மழைநாளில் மட்டும் முழுசாக வேலை செய்யும். குளியல் முடிந்தபின் கீசருக்குள் நிற்பதும் சோலார் சூடுதான்.

இதில் இரண்டு ஜாக்கிரதை. ஏப்ரல் வெயிலில் சோலார் தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டும். எல்லா கீசரும் அவ்வளவு சூட்டை உள்ளே வாங்கிக்கொள்ளாது, பிளாஸ்டிக் சேஃப்டி வால்வு கெட்டுப்போகலாம், சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கும் கட்-அவுட் விழுந்து கீசர் நின்றுவிடலாம். கீசரோடு வரும் கையேட்டில் சோலாருடன் இணைக்கலாம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டாவது, கீசரைச் சுற்றிக்கொண்டு சோலார் நேராக ஷவருக்குப் போகிற மாதிரி ஒரு பைபாஸ் வால்வு கட்டாயம் போடச் சொல்லுங்கள். கோடையில் அதைத் திருப்பிவிட்டால் போதும்.

குழாய்க்கு ரப்பர் ஃபோம் உறை போடுவது நல்லதுதான், குறிப்பாக மாடியில் வெட்டவெளியில் ஓடும் பகுதிக்கு. ஆனால் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீரை எந்த உறையும் காலை வரை சூடாக வைத்திருக்காது. அடுத்தடுத்துக் குளிக்கிறவர்களுக்கே அதன் பலன் தெரியும்.

டூப்ளெக்ஸ், வில்லா மாதிரி பெரிய வீடு சொந்தமாகக் கட்டுகிறவர்கள் கடைசி பாத்ரூமிலிருந்து சோலார் தொட்டிக்கு ஒரு ரிட்டர்ன் லைனும் சின்ன பம்பும் போடலாம். குளிக்கப் போவதற்கு முன் பட்டனை அழுத்தினால் ஆறிய தண்ணீர் தொட்டிக்கே திரும்பி, சூடு ஷவர் வாசலுக்கு வந்து நிற்கும். பம்பை நாள் முழுக்க ஓட விடாதீர்கள். ராத்திரி முழுக்கக் குழாய் வழியாகச் சுற்றிச் சுற்றித் தொட்டியின் சூடே போய்விடும். அப்பார்ட்மென்டில் பொது சோலார் என்றால் இந்த பம்பை எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் என்று அசோசியேஷனில் கேட்டு, அந்த நேரத்தில் குளிக்கப் பாருங்கள்.

எவ்வளவு விட்டாலும் சூடு வரவில்லை என்றால்

பெங்களூரில் இது அடிக்கடி நடக்கும், பிளம்பரே சில சமயம் குழம்புவார். மேல்தளத்தில் தண்ணீர் வேகம் போதவில்லை என்று பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும் பிரஷர் பம்ப் போட்டிருப்பார்கள். சோலார் லைன் தன்னெடையில் இறங்கி வருவது. மிக்ஸரில் இரண்டு குமிழும் திறந்திருக்கும்போது வேகமான பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் ஏறி, அதை மாடிக்கே தள்ளிக்கொண்டு போகும். மாடியில் சோலாரின் காற்றுக்குழாயிலிருந்து தண்ணீர் சொட்டினால் இதுதான் காரணமாக இருக்கும். கைஷவரின் நுனியில் மட்டும் தண்ணீரை நிறுத்திவிட்டு, மிக்ஸரில் இரண்டு குமிழையும் திறந்தே விட்டாலும் இதே கதைதான்.

சோதிக்க: பச்சைத் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு வெந்நீரை மட்டும் திறங்கள். இப்போது நல்ல சூடு வந்தால் கோளாறு இந்தக் கலப்பில்தான். வெந்நீர் லைனில் மிக்ஸருக்கு முன்னால் ஒரு என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போட்டால் பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் ஏறாது. சின்னப் பித்தளைச் சாமான், எஸ்.ஜே.பி. ரோடு கடைகளில் கிடைக்கும்.

கீசர் முன்னைவிட நேரம் எடுத்து, உள்ளே சடசடவென்று சத்தம் போட்டால் காயிலில் உப்புப் படிந்திருக்கிறது. போர்வெல், டேங்கர் தண்ணீர் வரும் ஏரியாக்களில் இது சீக்கிரமே நடக்கும். மழைக்காலம் முடிந்து குளிர் ஆரம்பிக்கும் முன்னால் ஆளைக் கூப்பிட்டுக் காயிலைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அப்படியே உள்ளே இருக்கும் ஆனோடு ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்து போவது அதன் வேலை, கரைந்து முடிந்திருந்தால் மாற்ற வேண்டும். ஷவர் தலை அடைத்திருந்தால் கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

பிளம்பரிடம் கன்னடத்தில் "பிசி நீரு லேட்டாகி பர்தா இதெ" (வெந்நீர் லேட்டாக வருகிறது) என்று ஆரம்பியுங்கள். ஹலசூரு, சிவாஜி நகர், ஸ்ரீராம்புரம் பக்கமென்றால் தமிழிலேயே பேசலாம். எத்தனை லிட்டருக்குப் பிறகு சூடு வருகிறது என்று வாளிக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டதுமே அவர் நேராகக் குழாயைப் பார்க்கப் போவார்.

இதில் மட்டும் விளையாட வேண்டாம்

கேஸ் கீசர் வேகமானது, நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தரும், உண்மைதான். ஆனால் எரியும்போது பாத்ரூமில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடை விடும். அந்த வாயுவுக்கு வாசனை இல்லை, கண்ணிலும் எரிச்சல் இல்லை. குளித்துக்கொண்டிருப்பவர் தலை சுற்றி விழுந்துவிடுவார், உதவிக்குக் கூப்பிடவும் முடியாது. பெங்களூரில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கேஸ் கீசர் என்றால் வெளிக்காற்று படும் பால்கனியிலோ திறந்த யுடிலிட்டியிலோதான் இருக்க வேண்டும். பாத்ரூமுக்குள் மாட்டியிருக்கும் வீடு என்றால் ஓனரிடம் சொல்லி வெளியே மாற்றிய பிறகு பயன்படுத்துங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று அவர் சொன்னால் ஏற்காதீர்கள்.

பி.ஜி.யில் (பேயிங் கெஸ்ட் விடுதி) இருக்கும் பிள்ளைகள் ஹீட்டர் ராட் வைத்து வாளியில் சுடவைப்பார்கள். பிளாஸ்டிக் வாளியில் ராட் அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கட்டும். இரும்பு, அலுமினிய வாளி கூடாது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் விரல் வைக்கலாம். ஈரக் காலோடு பாத்ரூமுக்குள் வைத்துச் செய்யவே வேண்டாம்.

கீசர் லைனுக்கு எர்த் சரியாக இருக்கிறதா, போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று குடிபுகும் முன்பே ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கரண்ட் உடனே நிற்க வேண்டும். சின்னக் குழந்தைகளோ வயசான அப்பா அம்மாவோ வீட்டில் இருந்தால், 60 டிகிரித் தண்ணீர் சில விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும் என்பது நினைவிருக்கட்டும். அவர்கள் குளிக்கும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர்.

ஓனர் கீசர் வைக்காத வீட்டில் நீங்களே வாங்கி மாட்டினால், அது உங்களுடையது என்பதையும் யார் ரிப்பேர் செய்வது என்பதையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி அவரிடம் ஒரு "சரி" வாங்கி வையுங்கள், பில்லையும் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது கீசரைக் கழற்றினால், இரண்டு குழாய் முனைக்கும் மூடி போட்டு, வால்வைத் திறந்து ஒழுகவில்லை என்று அவர் முன்னாலேயே காட்டுங்கள். அட்வான்ஸில் பிடித்தம் பேசுவதற்கு இடமிருக்காது.